பால் காய்ச்சும் நாளும் குடிபோகும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டாம்

கேள்வி: ஐயா, தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம் எங்கள் கிராமத்தில் 1,150 சதுர அடியில் தரைத்தள வீடு கட்டி வருகிறோம். சதுர அடி 2,100 ரூபாய் என்று பேசி, என் கணவரின் பெரியப்பா மகனிடமே காண்ட்ராக்ட் விட்டோம். உள்பூச்சு முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. பின்பக்கச் சுவருக்கு வெளிப்பூச்சும், மாடியில் தட்டோடும் (தளத்தின் மேல் பதிக்கும் ஓடு), பெயின்டும் பாக்கி. தை முதல் வாரத்தில் கிரகப்பிரவேசம், பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. பெயின்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கும் பட்டி பார்க்க ஆள் வந்து நிற்கிறார்கள். ஆனால் மேற்குப் படுக்கையறைச் சுவரின் அடியில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. ஹாலில் முடி போல விரிசல்கள். இதுவரை 21 லட்சம் கொடுத்துவிட்டோம். மீதி 3,15,000 ரூபாயையும் விசேஷத்துக்கு முன்பே கொடுத்துவிடச் சொல்கிறார் அண்ணன். கணவர் ஓசூரில் கம்பெனி வேலையில் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். நான்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. எதைப் பார்ப்பது, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. — ஒரு வாசகி

பதில்: சகோதரி, முதலில் ஒன்று. முகூர்த்தத்தைத் தள்ள வேண்டாம். பத்திரிகை கொடுத்த பிறகு தேதியை மாற்றினால் பெரியவர்களுக்கு மனக்கஷ்டம், உங்களுக்கு வீண் பேச்சு. குறித்த நாளில் கணபதி ஹோமம் செய்து பால் காய்ச்சுங்கள். வழக்கம் இருந்தால் அன்று ஒரு ராத்திரி அங்கேயே படுத்து எழுந்திருங்கள். ஆனால் சாமான் செட்டோடு குடிபோவதை மட்டும் மாசி கடைசிக்குத் தள்ளி வையுங்கள். இந்த ஒன்றுக்கு வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டால், நீங்கள் எழுதியிருக்கும் பிரச்சினைகளில் பாதிக்கு மேல் தானாகவே வழிக்கு வந்துவிடும்.

காரணம் சொல்கிறேன். பூச்சு என்பது சிமென்ட், மணல், நிறையத் தண்ணீர். பூசி முடித்ததும் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும், அப்போதுதான் சிமென்ட் இறுகும். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரெல்லாம் சுவரை விட்டு வெளியேற வேண்டும். இதற்குப் பொதுவாக நான்கு வாரமாவது விடுவோம். அதுவும் இப்போது மார்கழி. நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் காலை எட்டு மணி வரை பனி மூடிக்கொண்டு நிற்கிறது. சித்திரையில் காய்கிற வேகத்தில் இப்போது சுவர் காயாது. கையால் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், ஈரம் உள்ளே நிற்கும். அதன் மேல் பட்டி, அடிக்கோட்டான பிரைமர், மேல் பெயின்டான எமல்ஷன் என்று அடித்து மூடினால் அந்த ஈரம் போக வழியில்லாமல் பெயின்டையே தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஆடி மாதத்துக்குள் கொப்புளம் கொப்புளமாக உரியும். அப்போது பெயின்டரைக் கேட்டால் பூச்சுக்காரரைக் கை காட்டுவார், பூச்சுக்காரர் செங்கல்லைச் சொல்வார்.

சுவர் காய்ந்துவிட்டதா என்று பார்க்க மீட்டர் எதுவும் தேவையில்லை. ஒரு அடிக்கு ஒரு அடி கனமான பிளாஸ்டிக் தாளை வெட்டி, சுவரின் அடிப்பகுதியில் நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் செல்லோ டேப் ஒட்டுங்கள். ஒரு பகல், ஒரு ராத்திரி விட்டு மறுநாள் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தாலோ, தாளுக்கு அடியில் சுவர் கறுத்திருந்தாலோ இன்னும் ஈரம் இருக்கிறது. ஹாலில் ஒன்று, மேற்கு அறையில் ஒன்று, குளியலறையை ஒட்டிய சுவரில் ஒன்று ஒட்டிப் பாருங்கள். அண்ணனையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். வாயால் சொல்வதை விட, கண்ணால் பார்த்த தண்ணீர் நன்றாகப் பேசும்.

அப்படியானால் விசேஷத்துக்கு வீடு பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா என்று மாமனார், மாமியார் கேட்பார்கள். ஹாலும் பூஜை அறையும் முகப்பும் மட்டும், காய்ந்திருப்பது உறுதியானால், பட்டி இல்லாமல் ஒரு கோட் பிரைமர் அடித்துவிடுங்கள். மற்ற அறைகள் பூச்சோடு நிற்கட்டும். மாவிலையும் வாழை மரமும் கட்டிய வீட்டில் யாரும் பட்டி பார்த்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க மாட்டார்கள். ஆக்கப் பொறுத்தவர்களுக்கு ஆறப் பொறுக்காதா என்று மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள், அவர் உங்கள் பக்கம் வந்துவிடுவார். இன்னொன்று, ஹோமப் புகை. கடைசிக் கோட் அடித்த வெள்ளை சீலிங்கில் ஹோமப் புகை படிந்தால் துடைத்தாலும் முழுசாகப் போகாது. பெயின்ட் பாக்கி இருப்பது அந்த வகையில் உங்களுக்கு நல்லதுதான். ஹோம குண்டத்தை டைல்ஸ் மேல் நேராக வைக்க விடாதீர்கள். கீழே செங்கல் பரப்பி, அதன் மேல் இரண்டு அங்குலம் மணல் கொட்டி, பிறகு குண்டம். சூட்டில் டைல்ஸ் விரிந்தால் ஹால் நடுவில் ஒரு கல்லைப் பெயர்த்து மாற்றுவது பெரிய பாடு.

சரி, உப்புக்கு வருவோம். நம் பகுதி போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதிலேயே கலவை போட்டு, அதிலேயே நனைத்திருப்பார்கள். செங்கல்லிலும் உப்பு இருந்திருக்கலாம். சுவர் காயும்போது தண்ணீர் உப்பை வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறது. இது சுவர் காய்வதன் அடையாளமும்கூட. ஆகவே பயப்பட வேண்டாம், ஆனால் மூடி மறைக்கவும் கூடாது. தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷாலோ துடைப்பத்தாலோ தட்டி விடுங்கள். பத்து நாள் கழித்து மறுபடி பூத்தால் மறுபடி தட்டுங்கள். ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் கட்டும்போது சேர்ந்த ஈரம்தான். நின்ற பிறகு, சிமென்ட்டின் காரத்தைத் தாங்கும் பிரைமர் என்று கேட்டு வாங்கி அடிக்கச் சொல்லுங்கள். குறையாமல் ஒரே உயரத்தில் கோடு போட்ட மாதிரி வந்துகொண்டே இருந்தால்தான் யோசிக்க வேண்டும். தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது, அல்லது அந்தச் சுவருக்குப் பின்னால் ஏதோ ஒரு பைப் கசிகிறது என்று அர்த்தம். மேற்குப் படுக்கையறைக்குப் பின்னால் குளியலறை இருந்தால் கசிவு சோதனையை அங்கிருந்தே தொடங்குங்கள்.

விரிசல் எல்லாம் ஒரே ரகம் இல்லை. சிலந்தி வலை போலச் சிறு சிறு கோடுகளாக, பூச்சின் மேல்தோலில் மட்டும் இருந்தால் அது பூச்சு சுருங்கியதால் வந்தது. கலவையில் சிமென்ட் கூடியிருக்கும், அல்லது பூச்சுக்கென்று கல்லை அரைத்துச் செய்த மணலான பி-சாண்ட் இல்லாமல் தூசி கலந்த மணலில் பூசியிருப்பார்கள், அல்லது நனைத்தது போதாது. தட்டிப் பாருங்கள். கெட்டியாகச் சத்தம் வந்தால் பட்டி போடும்போது சரியாகிவிடும். டொக்கு டொக்கு என்று கேட்டால் அந்த இடத்தில் பூச்சு சுவரைப் பிடிக்கவில்லை, வெட்டி எடுத்துத்தான் பூச வேண்டும். பில்லரும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக விரிசல் வந்தால், அங்கே கோழிவலை அடிக்காமல் பூசியிருக்கிறார்கள். இதைப் பட்டியால் அடைத்தால் மறுபடி வரும். அரை அடி அகலத்துக்குப் பூச்சை எடுத்து, வலை அடித்துப் பூசச் சொல்லுங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலைத்தான் கவனிக்க வேண்டும். அதன் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு மாதத்தில் கோட்டைத் தாண்டி ஓடினாலோ, ஒரு அஞ்சலட்டையின் ஓரம் உள்ளே நுழையும் அளவு அகலமானாலோ, வேலையை நிறுத்திவிட்டு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை நேரில் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இனி மாடி. சீலிங்கில் பட்டி பார்ப்பதற்கு முன்பே, தட்டோடு பதிப்பதற்கும் முன்பே மாடியில் தண்ணீர் கட்டிப் பார்த்துவிட வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. மழைநீர்க் குழாய்களின் வாயைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, 48 மணி நேரம் விடுங்கள். கீழே ஒவ்வொரு அறையிலும் டார்ச்சை சீலிங்குக்குப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாத ஈரத் திட்டு சாய்த்து அடித்தால் தெரியும். ஃபேன் கொக்கிகளின் சுற்றுப்புறம், லைட்டுக்கான பெட்டிகள், சுவரும் தளமும் சேரும் ஓரம் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். இப்போது ஒரு சொட்டு கண்டுபிடித்தால் மேலே சிமென்ட் பால் ஊற்றியோ வாட்டர்ப்ரூஃப் அடித்தோ முடித்துவிடலாம். தட்டோடு போட்ட பிறகு எந்த இடத்தில் இறங்குகிறது என்று கண்டுபிடிப்பதே பெரும் வேலை. மழைநீர்க் குழாயைத் தெருவில் விடாமல் தொட்டிக்கோ போருக்குப் பக்கத்தில் ஒரு உறிஞ்சு குழிக்கோ விடுங்கள். 2003-லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அதை விடுங்கள், நம் ஊரில் போர் எவ்வளவு ஆழம் போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

குளியலறையில் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அங்கும் தரையில் தண்ணீர் வெளியேறும் வாயான நஹானி ட்ராப்பை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி இரண்டு நாள் பாருங்கள். பிறகு அடைப்பை எடுத்து ஒரு வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றுங்கள். அரை மணி கழித்தும் ஒரு இடத்தில் தேங்கி நின்றால் வாட்டம், அதாவது தரைச் சரிவு, சரியில்லை. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அந்தத் தேக்கம்தான் வழுக்கி விழும் இடம், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். டைல்ஸ் ஒவ்வொன்றையும் ஐந்து ரூபாய் நாணயத்தால் நடுவிலும் நான்கு மூலையிலும் தட்டுங்கள். விட்ரிஃபைடு டைல்ஸ் கிட்டத்தட்டத் தண்ணீரே உறிஞ்சாது, அதனால் வெறும் சிமென்ட் பால் அதன் முதுகில் நன்றாகப் பிடிக்காது. பசை போட்டு ஒட்ட வேண்டிய கல் அது. அவசரத்துக்கு ஐந்து உருண்டை கலவை வைத்து அழுத்திவிட்டுப் போனால் மூலைகள் காலியாக இருக்கும். சாமான் விழுந்தால் உடையும், உள்ளே தண்ணீர் கோக்கும். காலியாகச் சத்தம் வரும் கல்லில் மார்க்கரால் பெருக்கல் குறி போட்டு போட்டோ எடுங்கள். நடுவில் மட்டும் கொஞ்சம் காலி என்றால் விட்டுவிடலாம். மூலை காலி என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

விசேஷத்துக்கு முந்தின நாள் ஒன்று நடக்கும், அதைத் தடுத்து நிறுத்துவது உங்கள் பொறுப்பு. தரையில் படிந்த சிமென்ட் கறை போகவில்லை என்று ஆசிட் பாட்டிலை வாங்கிவந்து தேய்ப்பார்கள். தரை பளிச்சென்று ஆகும். கூடவே டைல்ஸ் இணைப்புகளை அடைத்திருக்கும் க்ரவுட்டைத் தின்றுவிடும், புதுக் குழாய்களின் பளபளப்பு கறுக்கும், சமையல் மேடை கிரானைட்டின் பாலிஷ் மங்கும். நம் கிருஷ்ணகிரிக் கல்லை நல்ல பாலிஷோடு வாங்கிப் போட்டுவிட்டு ஒரே நாளில் கெடுக்க வேண்டாம். மரத்தூள் போட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவினாலே பெரும்பாலும் போய்விடும். விடாப்பிடியான கறைக்கு டைல்ஸ் கிளீனர் போதும்.

குழாய்ச் சோதனைக்கு ஒரு ராத்திரி போதும். மேல் தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாயையும் மூடி, தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. மின்சாரத்தில் மெயின் போர்டில் உள்ள, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி மேல் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்தினால் மின்சாரம் உடனே துண்டிக்க வேண்டும். அது மட்டும் போதாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஒவ்வொரு த்ரீ-பின் பிளக்கிலும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் வைக்கச் சொல்லுங்கள். ஆர்சிசிபி டிரிப் ஆக வேண்டும். ஆகாத பிளக்கில் எர்த் வயர் சேரவில்லை. நீங்களே கை வைக்காதீர்கள், பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். எர்த் குழியை பேவர் கல் போட்டு மூடிவிடாமல் தண்ணீர் ஊற்ற வாய் விட்டு வையுங்கள்.

கதவுகள் இப்போது இறுக்கமாக இருக்கிறது என்று ஆசாரி இழைத்துத் தள்ள வந்தால், கொஞ்சமாக எடுக்கச் சொல்லுங்கள். பனியில் ஊதியிருக்கும் மரம் மாசி, பங்குனியில் சுருங்கும், அப்போது இடைவெளி தெரியும்.

பணம்தான் உங்களுக்கு உறுத்தலாக இருக்கிறது, அதுவும் அண்ணன் என்பதால். அவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் கொத்தனார், சித்தாள் எல்லாரும் அவரிடம்தான் கூலிக்கு நிற்பார்கள். ஹார்டுவேர் கடைக்காரரும் கணக்கு முடிக்கச் சொல்வார். அதனால் செய்து முடித்த வேலைக்குக் காசு நிறுத்தாதீர்கள். வெளிப்பூச்சு முடிந்தால் அதற்கு, தட்டோடு முடிந்தால் அதற்கு, அன்றன்றே கொடுங்கள். செய்யாத வேலைக்கு முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டின் மொத்தத் தொகை 24,15,000. அதில் ஐந்து சதவீதம், சுமார் 1,20,000 ரூபாய், கடைசி வரை உங்கள் கையில் இருக்கட்டும். 70,000 ரூபாயை மேலே சொன்ன சோதனைகள் முடிந்து, குறைகள் சரியான பிறகு கொடுங்கள். மீதி 50,000 ரூபாயை ஒரு மழைக்காலம் தாண்டி, ஐப்பசிக்குப் பிறகு. கட்டட ஒப்பந்தங்களில் இப்படிப் பிடித்து வைப்பது வழக்கமான நடைமுறை, யாரையும் சந்தேகப்படுவதாக ஆகாது.

இதை நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கணவர் வந்ததும் அண்ணனை வீட்டுக்குச் சாப்பிட அழைத்து, மூன்று பேருமாகக் கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். ஒரு நோட்டில் பாக்கி வேலை ஒவ்வொன்றையும், அதற்கான தொகையையும் அவர் வாயால் சொல்லச் சொல்லி எழுதுங்கள். "அண்ணா, நீங்க சொன்ன கணக்குதான், இதுல நீங்களும் ஒரு கையெழுத்து போட்டுடுங்க, அவரு ஓசூர்ல இருக்கறதால எனக்கு ஞாபகத்துக்கு ஆகும்" என்று சொல்லிப் பாருங்கள். உறவு கெடுவது பெரும்பாலும் பணம் கேட்டதால் இல்லை, என்ன பேசினோம் என்பதை ஆளுக்கு ஒரு மாதிரி ஞாபகம் வைத்திருப்பதால். விசேஷத்தன்று அவருக்கும் மேஸ்திரிக்கும் ஆசாரிக்கும் வேட்டி, சேலை, வெற்றிலைபாக்கு வைத்து மனதாரச் செய்யுங்கள். அந்த மரியாதையும் கடைசிக் கணக்கும் வேறு வேறு.

பால் காய்ச்சிய பிறகு தினமும் சாயங்காலம் விளக்கேற்றப் போவீர்கள். கூடவே காலையில் ஒரு முறை போய் ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு வாருங்கள், வெயில் ஏற ஏற வீடு வேகமாகக் காயும். அந்த இடைவெளியில் மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். கட்டுமானத்துக்கான கட்டணம் அதிகம், இலவச யூனிட்டும் வீட்டு இணைப்புக்குத்தான். ஊராட்சியில் வீட்டு வரி போடுவதையும் கையோடு முடித்துவிடலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இருப்பது தெரிந்ததுதான். பல ஊர்களில் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் விறைத்துப்போகும் அளவுக்கும் அது போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காகத்தான் வந்தது. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டுவதால் செறிவு கூடத்தான் செய்யும். பல புது வீடுகளில் போர் தண்ணீரையும் ஒகேனக்கல் தண்ணீரையும் ஒரே சம்ப்பில் (தரைக்கடித் தொட்டி) விட்டு, ஒரே தொட்டிக்கு ஏற்றிவிடுகிறார்கள். வந்த நல்ல தண்ணீரும் வீணாகிறது. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீருக்கென்று தனியாக ஒரு சின்னத் தொட்டி, அதிலிருந்து சமையலறைக்கு மட்டும் தனிக் குழாய் வையுங்கள். சோறும் பருப்பும் வேகும் தண்ணீரும் அதுவாகவே இருக்கட்டும். போர் தண்ணீரை ஒரு முறை குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பின்பக்கச் சுவர் இன்னும் பூசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சமையலறை அந்தப் பக்கம் இருந்தால், பூசுவதற்கு முன் அந்தக் குழாயை உள்ளே பதித்துவிட இதுதான் நேரம். பூச்சுக்காரர் சாரம் கட்டுவதற்குள் பிளம்பரை வரச் சொல்லுங்கள்.